கடல் தூண்டிலும் மாமனார் உருமாலையும்

1956 மார்ச் 4, ஓசூர்

முப்பதடி தூரத்து டம்ளரில் தொடர்ந்து ஏழு முறை ஈயக்குண்டை விழவைத்தேன். எட்டாவது முறை தூண்டில் மாமனார் திம்மராயனின் தலையில் கட்டியிருந்த உருமாலையோடு திரும்பி வந்தது. முள்ளைக் கழற்றாமல் பழகியது தப்புதான்.

நான் வேலை பார்க்கும் மாட்டுப் பண்ணையில் மேலதிகாரியாயிருந்த துரை, சீமைக்குப் போகும்போது கொடுத்த தூண்டில் கோல் இது. கடலோரம் நின்று பிடிக்கவென்றே செய்தது. மெல்லிய கோல், மெல்லிய நூல், பெரிய மீன். அதுதான் விளையாட்டு என்பார். ஆறு வருடமாக வாசலில் எறிகிறேன். கடலைப் பார்த்ததில்லை.

மார்ச் 5

மாமனார் தீர்ப்பு, தெருவே கேட்க: "யுகாதிக்குள்ள ஒரு கடல் மீன் புடிச்சிக் கொண்டாங்க மாப்ளே. இல்லன்னா அந்தக் கோல் என் அவரைக்கொடிக்குக் கொம்பு."

போனால் போகட்டும் என்று எழுத வந்தேன். பொய். லீவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

மார்ச் 20

லீவு கிடைத்தது. எனக்குக் கிட்டத்தில் கண் சரியில்லை. முள்ளுக்கெல்லாம் மனைவி வெள்ளையம்மாதான் நூல் கட்டினாள். இரைக்கு ராகிக்களி கிண்டிக் கொடுத்தாள். பாரூர் ஏரியில் களிக்கு மீன் வரிசையில் நிற்குமாம்.

மார்ச் 23, பழவேற்காடு

கடல் பெரியது. களி கரைந்துவிட்டது. இங்குள்ள மீன்கள் களி தின்னப் பழகவில்லை என்றார் ஒரு படகுக்காரர்.

மார்ச் 24

இறால் கோத்து எறிந்தேன். நல்ல எறி, படகுக்காரரே தலையாட்டினார். ஏதோ பெரிதாகக் கவ்வியது. கோல் வளைந்தது, நூல் சக்கரம் அலறியது — ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுத? — நூல் அறுந்தது.

கரையில் உட்கார்ந்து அழுதேன். வயது நாற்பத்தொன்று.

பக்கத்தில் படகுக்காரர் கயிறு போன்ற நூலில், வெறுங்கையால், முழ நீளக் கொடுவாய் மீனை இழுத்துப் போட்டார். என்னைப் பார்த்துவிட்டு அதை எனக்கே கொடுத்தார். அவர் மனைவி கீறி உப்பு வைத்துத் தந்தாள். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 27, ஓசூர்

மாமனார் முகர்ந்து பார்த்தார். கல்லாவி சந்தைக் கருவாடு என்றார். தெரு சிரித்தது. கழுவ எடுத்துப் போன வெள்ளையம்மா மீன் தலையோடு வெளியே வந்தாள்.

"வாயைப் பாருப்பா. முள்ளு போட்ட ஓட்டை. வலையில உழுந்த மீனுக்கு இது எப்படி வரும்?"

மாமனார் பார்த்தார். அவரைக்கு மூங்கில் வெட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பொய் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் குழம்பைத் தொடாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

மார்ச் 28

தாங்கவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன். முறத்தை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"தெரியும். உங்க முள்ளெல்லாம் நெல்லு கணக்கா சின்னதா இருக்கும், நான்தானே கட்டுனேன். அந்த ஓட்டையில என் சுண்டுவிரலு போச்சு."

பின்னே ஏன் அப்படிப் பேசினாய் என்றேன்.

"அவரை படர்ந்தா அந்தக் கோலு ஒடிஞ்சிடும்."

அரிசியைப் புடைத்து முடித்தாள். பிறகு, "அடுத்த வாட்டி நானும் வரேன். களி வேணாம்" என்றாள்.

ஏப்ரல் 15

யுகாதி முடிந்தது. வாசலில் டம்ளர் வைத்தேன். வெள்ளையம்மா எறிந்து பழகினாள். மாமனார் பார்க்க வந்தார். உருமாலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.