மேற்கு வாசலுக்கு ஒரு சான்று

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் ஒரு கூத்து. படிக்கிற கண்ணாடி வாங்க ஒருவர் வந்தார், கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். கண்ணாடியை மாட்டிவிட்டு, "எதையாவது படிச்சுப் பாருங்க" என்றேன். கைபேசியை எடுத்தவர், "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார். சொன்னேன். இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊரைத் தேடி எடுத்து உரக்கப் படித்தார். 'இது ஒரு பழமையான நகரம் ஆகும். இங்கு பல பழமையான கட்டடங்கள் உள்ளன. இவ்வூர் மக்கள் அன்பானவர்கள்.' அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுதும்மா. விஷயம்தான் ஒண்ணும் இல்ல."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வயிறு எரிந்தது. எத்தனை ராஜாக்கள் முட்டி மோதிக்கொண்ட ஊர்! அதற்கு மூன்று வரியா? அதிலும் ஒரு வரி பொய். எங்கள் தெருவில் யாரும் அப்படியொன்றும் அன்பாக இருந்ததில்லை.

அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார். அப்படியானால் நான் திருத்துகிறேன்.

மார்ச் 5, புதன்

வேலைக்குக் கிளம்புமுன் உட்கார்ந்து எங்கள் ஊர்க் கோட்டையின் மேற்கு வாசலைப் பற்றி ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். பயனர் பெயர் கண்ணாடிக்காரி. நாற்பது அடி உயரம், இரும்பு முள் வைத்த கதவு, வளைவுக்குள் நின்று கத்தினால் குரல் திரும்பி வருவது, சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அதை இடித்தது, எல்லாம் எழுதினேன்.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாற்பது அடியா? உனக்கு எதைக் கேட்டாலும் நாற்பதுதான். நம்ம கல்யாணத்துக்கு வந்த பஸ்கூட நாற்பதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுற" என்றார்.

வந்தது இரண்டு பஸ். அதற்கென்ன இப்போது?

மார்ச் 6, வியாழன்

போச்சு. மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். 'அளவுகோல்' என்ற பெயரில் ஒரு ஆள். பயனர்கள் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுப்போக 'பேச்சுப் பக்கம்' என்று ஒன்று உண்டாம். என்னுடையதில் ஒரு செய்தி வேறு: 'வணக்கம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. நினைவிலிருந்து எழுதுவது இங்கு ஏற்கப்படாது. அச்சில் வந்த சான்று தேவை. மேலும் நாற்பது அடி என்பது மிகை.'

மிகையாமே, மிகை! நான் தினம் அந்த வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். இந்த ஆள் அதைக் கண்ணால் பார்த்திருப்பானா?

மார்ச் 9, ஞாயிறு

நூலகம் போனேன். எங்கள் ஊர்க் கோட்டைகளைப் பற்றி ஒரு தடிப் புத்தகம், தூசி தட்டி எடுத்தேன். மேற்கு வாசலின் உயரம் முப்பத்திரண்டு அடி.

முப்பத்திரண்டு என்றே எழுதினேன், பக்க எண்ணோடு. அளவுகோல் கைவைக்கவில்லை. 'நன்றி' என்று மட்டும் ஒரு சொல்.

மார்ச் 15, சனி

முதலில் நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் கடைத்தெருவைப் பற்றி எழுதினேன். 'குளத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் துணிக்கடைகள், இடப்பக்கம் பாத்திரக்கடைகள்' என்று. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் திறந்து பார்த்தால் அளவுகோல் எழுதியிருக்கிறார்: 'வலம், இடம் என்று எழுத வேண்டாம். எந்தப் பக்கம் பார்த்து நிற்பவருக்கு வலம்? திசையை எழுதுக.'

எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

உலகத்தில் இப்படிப் பேசுகிற ஆள் ஒருத்திதான். சாப்பிட உட்கார்ந்தால், 'உப்பு உனக்குக் கிழக்கே இருக்கு பாரு' என்பாள். 'அந்தப் பக்கம்' என்று நான் சொன்னால் கேட்காத மாதிரி இருப்பாள். வளர்ந்து நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையப் போனாள். அக்கா.

அக்காவோடு பேசி ஆறு வருஷம் ஆகப்போகிறது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று நான்தான் இங்கே அழைத்து வந்தேன். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே, "வேரோட பிடுங்கிட்டு வந்துட்ட. அந்த ஊரை விட்டுட்டு அவரால இருக்க முடியுமாடி?" என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. "நீ எத்தனை தடவை வந்து பார்த்த?" என்றேன்.

அதோடு சரி.

நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ராத்திரி விழுந்தால் தூக்க ஆள் இல்லாத வீட்டில் அவரை எப்படி விடுவேன்? ஆனா — எனக்கு இருக்கறது அவ ஒருத்திதானே.

மார்ச் 16, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். "போன் பண்ணிப் பேசிடேன்" என்றார், என்னமோ கேஸ் புக் பண்ணச் சொல்கிற மாதிரி.

மாட்டேன். அவ பேசட்டும் முதல்ல.

துணிக்கடைகள் வடக்கே, பாத்திரக்கடைகள் தெற்கே. திருத்திவிட்டேன்.

மார்ச் 22, சனி

இப்போதெல்லாம் தினமும் அக்காவிடமிருந்து எனக்கு இரண்டு வரியாவது வருகிறது. 'தாங்கள்' என்கிறாள் என்னை! தலையில் குட்டி வளர்த்தவள்.

'தாங்கள் குறிப்பிட்ட ஆண்டு சரியே. குளத்தின் பரப்பைத் தாங்களே சேர்க்கலாம்.'

'தங்கள் வழிகாட்டுதலுக்கு மிக்க நன்றி' என்று நானும் எழுதினேன். எழுதிவிட்டுக் கடையில் ஒரு ஓரமாகப் போய் நின்று சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. லென்ஸ் துடைக்கிற துணியால் துடைத்துக்கொண்டேன்.

நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. தெரிய வேண்டாம். இப்படியே ஓடட்டும்.

ஏப்ரல் 2, புதன்

காய்ச்சல். எழுந்து நடமாடவே முடியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றுதான் கணினியைத் திறந்தேன். பேச்சுப் பக்கத்தில் ஒரு செய்தி காத்திருந்தது:

'சில நாட்களாகத் தங்கள் திருத்தங்களைக் காணவில்லை. நலம்தானே?'

அதற்குக் கீழே, மறுநாள் தேதியில்: 'கட்டுரைக்கு அவசரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.'

எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இவர் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நல்ல மனுஷன்.

'நலம். லேசான காய்ச்சல்' என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 19, சனி

மூன்று வரிக் கட்டுரை இப்போது நீளமான கட்டுரை. கோட்டை, குளம், கடைத்தெரு, முற்றுகை, பெருவெள்ளம், எல்லாம் வந்துவிட்டது. 'மக்கள் அன்பானவர்கள்' என்ற வரியை அக்காவே தூக்கிவிட்டாள். 'சரிபார்க்க இயலாதது' என்று காரணம் போட்டிருந்தாள்.

நிர்வாகி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, முதற்பக்கக் கட்டுரையாகப் போடலாம் என்கிறார். ஒரே குறை, இடிக்கப்பட்ட மேற்கு வாசலுக்குப் படம் இல்லை. பொதுவில் பயன்படுத்தக்கூடிய ஒரு படமும் எங்கும் கிடைக்கவில்லையாம்.

என்னிடம் ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

அலமாரியிலிருந்து அந்தப் படத்தை எடுத்தேன். அப்பா எடுத்தது. பின்னால் மேற்கு வாசல் முழுசாக. முன்னால் நாங்கள் இரண்டு பேர். அக்கா விறைப்பாக நிற்கிறாள், அவளுக்குப் பத்து வயது இருக்கும். நான் ஓடிவிடக் கூடாது என்று என் பின்னலை ஒரு கையால் பிடித்திருக்கிறாள். நான் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருக்கிறேன்.

ஸ்கேன் செய்து, எங்களை வெட்டிவிட்டு, வாசலை மட்டும் ஏற்றினேன். எங்கள் மூஞ்சியைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடுமே. எடுத்தவர் என்ற இடத்தில் 'சொந்தப் படைப்பு' என்று போட்டேன்.

வெட்டும்போது என்னமோ போல இருந்தது.

ஏப்ரல் 23, புதன்

மாட்டிக்கொண்டேன்.

நிர்வாகி கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலேயே, ஊரே பார்க்க, கேட்டுவிட்டார்: 'இவ்வாசல் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. படம் அதற்கும் முந்தையதாகத் தெரிகிறது. எடுத்தது தாங்கள்தானா?'

'என் அப்பா எடுத்தது. அவர் இப்போது இல்லை' என்று எழுதினேன்.

சாயங்காலம் பதில்: 'வருந்துகிறேன். அப்படியெனில் படத்தின் உரிமை வாரிசுகளுடையது. வாரிசுகள் அனைவரும் தனித்தனியே மின்னஞ்சலில் அனுமதி தர வேண்டும். மொத்தம் எத்தனை பேர்?'

எத்தனை பேர்! நிர்வாகிக்கு என்ன, கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 24, வியாழன்

கடையில் ஒருவருக்குப் பவரை மாற்றிச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அவரே சிரித்துக்கொண்டு மறுபடி பார்க்கச் சொன்னார்.

என்ன எழுதுவது? ஒருத்திதான் என்றால் பொய். அதிலும் அவள் கண்ணெதிரே அவளை இல்லையென்று சொல்வதா? படம் வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாம். கட்டுரை முதற்பக்கம் போகாது, அவ்வளவுதானே? ஆனா அவ எவ்வளவு பாடுபட்டிருக்கா அதுக்கு. ஒவ்வொரு கமாவையும் தடவித் தடவிப் பார்த்திருக்கா.

"எழுதினா என்ன ஆயிடும்?" என்றார் இவர்.

"அவ இங்க வர்றதை நிறுத்திட்டா?"

"நிறுத்தலேன்னா?"

ஏப்ரல் 25, வெள்ளி

எழுதிவிட்டேன். 'இரண்டு பேர். நானும் என் அக்காவும்.'

என் பங்கு அனுமதியையும் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அளவுகோலிடமிருந்து ஒன்றுமில்லை. எந்தக் கட்டுரையிலும் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

ஏப்ரல் 30, புதன்

இன்றும் இல்லை.

வீணாப் போச்சு. நல்லா போய்க்கிட்டிருந்ததை நானே கெடுத்தேன். 'தாங்கள்', 'தங்கள்'னு அந்த ரெண்டு வரியாவது இருந்துச்சு.

மே 3, சனி

நிர்வாகி எழுதியிருக்கிறார்: 'இரண்டாவது வாரிசின் அனுமதி வந்துவிட்டது. ஆனால் அது இந்தப் படத்துக்கு அல்ல. வெட்டாத முழுப் படத்துக்கு மட்டுமே அனுமதி என்று எழுதியிருக்கிறார். முழுப் படம் தங்களிடம் உள்ளதா?'

உள்ளது. உள்ளதுங்க, உள்ளது.

ஏற்றிவிட்டேன். விறைத்த அக்கா, பின்னல், பிளந்த வாய், எல்லாம் சேர்த்து.

மே 4, ஞாயிறு

காலையில் எழுந்ததும் பார்த்தேன். படத்துக்குக் கீழே அளவுகோல் விளக்கம் எழுதியிருக்கிறாள்:

'மேற்கு வாசல், வெளிப்புறத் தோற்றம். உயரத்தை ஒப்பிட: முன்னால் அழும் சிறுமியின் உயரம் மூன்றரை அடி.'

விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் பயந்துபோய் ஓடி வந்தார். எனக்குள் இருக்கிற வாலு சும்மா இருக்குமா? 'மூன்றரை அடி'க்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டேன்: 'சான்று தேவை'.

ஒரு மணி நேரத்தில் போன் அடித்தது. அந்த எண்ணை நான் அழிக்கவே இல்லை.

"சான்று வேணுமா உனக்கு?"

போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நம்ம வீட்டுக் கதவுல அப்பா பென்சிலால கோடு போட்டு வெச்சாரே, அது போதுமா? இல்ல, பக்க எண் வேணுமா?"

"அக்கா..."

"மொதல் நாளே தெரியும்டி. முப்பத்திரண்டு அடியை நாற்பதுன்னு வேற யாரு அடிச்சு விடுவா? அதுல கண்ணாடிக்காரின்னு பேரு வேற."

"தெரிஞ்சுக்கிட்டேதான் எடுத்தியா?"

"தப்பா இருந்துச்சு, எடுத்தேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவள்தானா, நானா, தெரியவில்லை.

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா உன் வீட்ல எங்கடி உட்காருவார்?"

ஆறு வருஷமாக இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். "பால்கனியில. நாற்காலி போட்டு."

"எந்தப் பக்கம் பார்த்து?"

இடப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்லத்தான் எனக்கு வரும். நின்று யோசித்தேன். "மேற்கே பார்த்து."

"நல்லாத் தெரியுமா? அடிச்சு விடாத."

"தெரியும்க்கா. சாயங்கால வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். கண்ணு கூசுமே, திருப்பிப் போடறேன்னு தினமும் சொல்வேன். விடவே மாட்டார். இருக்கட்டும், இருக்கட்டும்னு உட்கார்ந்திருப்பார்."

"உன் வீட்ல இருந்து நம்ம ஊரு மேற்கேதான்டி இருக்கு" என்றாள்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அத்தனை நாளும் பக்கத்தில் நின்றுகொண்டு, வெயில் என்று மட்டும்தான் நினைத்தேன்.

"பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்கார்" என்றாள் அக்கா. "நான் சொன்னது... அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி... விடு. நீ நல்லாத்தான் வெச்சிருந்திருக்க அவரை."

மே 10, சனி

இன்று கட்டுரை முதற்பக்கத்தில். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கண்ணாடியை மாட்டிவிட்டு அதையே படிக்கக் கொடுத்தேன். ஒரு அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை எதுக்கு இப்படி அழுவுது?" என்றார். "யாரோ பின்னலைப் பிடிச்சு இழுக்கிறாங்க போல" என்றேன்.

'மூன்றரை அடி'யை நிர்வாகி எடுத்துவிட்டார். சான்று இல்லையாம். நாங்கள் இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

மே 18, ஞாயிறு

அக்கா வந்தாள். முடி நன்றாக நரைத்திருக்கிறது. வந்ததும் வராததுமாக என் சமையலறையில் எது எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று ஒரு பாடம் நடத்தினாள். இவர் தலையாட்டிக்கொண்டே நழுவிவிட்டார். அவள் கண்ணைச் சோதித்தேன். பவர் கூடியிருக்கிறது, சொன்னால் நம்பவில்லை.

சாயங்காலம் பால்கனிக்குப் போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டாள்.

"திருப்பிப் போடட்டுமாக்கா?"

"இருக்கட்டும்" என்றாள்.

நானும் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு வடக்கே போட்டுக்கொண்டேன்.