பதினொரு மைக்ரான்

மார்ச் 4
எதிர்க்குறி வந்துவிட்டது. நானோகம்பிப் படலத்தின் கடத்துத்திறனில் கற்பனைப் பகுதி, அளந்த டெராஹெர்ட்ஸ் அதிர்வெண் முழுக்கச் சுழிக்குக் கீழே. எலக்ட்ரான்கள் கம்பி முனையில் முட்டித் திரும்பினால் இப்படித்தான் வரும் என்று என் கைடு இருபது வருடமாகச் சொல்கிறார். யாரும் காது கொடுத்ததில்லை. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "டீ குடிக்கலாமாம்மா?" என்றார். நான்கு வருடத்தில் முதல் முறை.

மார்ச் 5
என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "கற்பனைப் பகுதி மைனஸ்ல வந்திருக்கு."
"கற்பனைதானே, ப்ளஸ்னே வச்சுக்கயேன்."
இனி இவரிடம் ஆராய்ச்சி பேசுவதில்லை.

மே 11
கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். சார் ஜூனில் ஓய்வு பெறுகிறார். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

மே 14
இதை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும். டெராஹெர்ட்ஸ் துடிப்பை வெறும் குவார்ட்ஸ் தகட்டின் வழியே ஒரு முறை, படலம் பூசிய தகட்டின் வழியே ஒரு முறை அனுப்பி ஒப்பிடுவதுதான் எங்கள் முறை. பிப்ரவரியில் வெறும் தகட்டைக் கீழே போட்டு உடைத்தேன். சத்தம் காட்டாமல் புதுப் பெட்டியிலிருந்து இன்னொன்றை வைத்தேன். பெட்டியில் அதே அளவுதான் போட்டிருந்தது. இன்று மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். புது வெறும் தகட்டைவிடப் படலத் தகடு பதினொரு மைக்ரான் தடிமன் கூடுதல். தலைமுடியில் ஆறில் ஒரு பங்கு. துடிப்பு அதில் தாமதித்ததைத்தான் எலக்ட்ரான் மேல் ஏற்றியிருக்கிறேன்.
அது எதிலும் முட்டவில்லை. நான்தான்... ஐயோ, சார்கிட்ட எப்படிப் போய்ச் சொல்றது?

மே 15
சொல்லவில்லை.

மே 16
சொல்லவில்லை. சார் வரைபடத்தைச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறார்.

மே 18
சொன்னேன். தடிமனைத் திருத்திப் போட்ட கணக்கையும் காட்டினேன். எதிர்க்குறி இல்லை. சாதாரண உலோகம்.
"தகடு உடைஞ்சதை அன்னைக்கே ஏம்மா சொல்லல?"
"திட்டுவீங்கன்னு பயம் சார்."
"இப்போ?"
"இப்பவும்தான்."
திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

மே 20
கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை நான் எழுதிச் சாரிடம் கொடுத்தேன். மதியம் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. 'நான்' என்று எழுதிய நான்கு இடங்களையும் சிவப்பு மையால் அடித்து 'நாங்கள்' ஆக்கியிருந்தார். ஒரு எழுத்துப்பிழையையும் திருத்தியிருந்தார். கீழே முதல் கையெழுத்து அவருடையது. என் பெயருக்கு இடம் விட்டிருந்தார்.