‘நே’ என்றால் ஓம்

நேற்றுப் பின்னேரம் தலைமயிர் வெட்டப் போயிருந்தேன். வெட்டுவதற்கு அங்கே அதிகம் இல்லை என்பது உமக்குத் தெரியும். கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த பழைய கடையை மூடிவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு சைப்பிரஸ்காரக் கிழவர் கடை வைத்திருக்கிறார், அவரிடம் போனேன். கழுத்தில் துணியைக் கட்டி, பவுடர் மணக்க மணக்க அவர் கத்தரிக்கோலை எடுத்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் சொருகிக்கொண்டு, “நே... நே, நே” என்று தலையை ஆட்டினார்.

போனை வைத்ததும் பகிடிக்குத்தான் கேட்டேன். “யார் அது, இவ்வளவு தரம் இல்லை இல்லை என்று சொல்லியும் விடாத ஆள்?”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “என் மனைவி. அவளிடம் இல்லை என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? எங்கள் பாஷையில் ‘நே’ என்றால் ஓம்.”

அவர் சொன்னது ஆங்கிலத்தில், ‘யெஸ்’ என்று. என் காதில் விழுந்தது இப்படித்தான். அதற்குப் பிறகு அவர் எதை வெட்டினார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தேன், காது இரண்டும் இருந்தன.

மூன்று வருஷத்துக்கு முந்தி எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் ஏதென்ஸுக்கு டிக்கெட் போட்டுத் தந்தாள். எனக்குக் கனடாவுக்கு, மச்சான் வீட்டுக்குப் போகத்தான் விருப்பம். நீர்தான், “ஒருக்கா எண்டாலும் சொந்தக்காரர் இல்லாத நாட்டுக்குப் போவம்” என்றீர்.

அக்ரோபொலிஸ் குன்றடியில் அன்றைக்கு நின்ற சனத்தைப் பார்த்து எனக்கே மூச்சு முட்டியது. கப்பலில் வந்திறங்கிய கூட்டங்கள், இலக்கம் எழுதிய தட்டிகளுக்குப் பின்னால் ஆட்டு மந்தை மாதிரி ஏறிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்ட நான், உமக்குக் கிரேக்கச் சரித்திரம் விளக்கிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் ஒரு வழிகாட்டிப் பெண் தன் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நீர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டீர்.

“நீங்கள் சொன்ன ராசாவை அவ சொல்லேல்லையே.”

“அவ புதுசா வேலைக்கு வந்திருப்பா.”

வழி நெடுக உடைந்த தூண்கள் கிடந்தன. அவற்றைக் கயிறு கட்டிப் பாதுகாத்திருந்தார்கள். நீர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னீர்: “ஊரில எங்கட வீட்டையும் சண்டை நேரம் செல் குண்டு விழுந்த கையோட இப்பிடியே விட்டிருக்கலாம். நீங்கள்தான் அவசரப்பட்டு ஓடு போடுவிச்சனீங்கள்.” இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடிய நீர் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றினீர். உடனே ஒரு காவல்காரி விசில் ஊதினாள், பழைய கல்லைத் தொடக்கூடாதாம். அதற்கும் நான்தான் சிரித்தேன். மூச்சு வாங்கத்தான் அந்தச் சுவரைப் பிடித்தீர் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு ஒலிவ் மரத்தடியில் போய் இருந்தீர். “படியள் கனக்கக் கிடக்குப் போல. லிப்ட் ஏதும் இருக்குதோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்” என்றீர். அந்தப் பயணம் முழுவதும் நீர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நான் போய்க் கேட்டேன். வாசலில் தொப்பி போட்ட ஒரு ஆள் நின்றான். நாலு பக்கமும் சனம் அவனைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. “லிப்ட்?” என்றேன். “நே, நே” என்றான். கையையும் ஒரு பக்கமாக வீசினான். பிறகு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டான்.

விசாவுக்காகக் கொழும்பில் இரண்டு வருஷம் காத்துக் கிடந்தவன் நான். லொட்ஜில் தண்ணி வருமோ என்றால் நே. விசாக் கந்தோரில் கடிதம் வந்ததோ என்றால் நே. சிங்களத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் அது ஒன்றுதான், அதற்கு அர்த்தம் ‘இல்லை’. காதில் அது விழுந்ததும் மூளை வேறொன்றும் கேட்காமல் திரும்பி நடந்துவிட்டது.

உம்மிடம் வந்து சொன்னேன்: “இல்லையாம். நே, நே எண்டு சொல்லிக் கையாலயும் கலைச்சுப்போட்டான். இஞ்சையும் சிங்களம்தான் போல.”

நீர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர். பிறகு சிரிக்கத் தொடங்கினீர். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தீர். என் பகிடிக்கு வீட்டில் அவ்வளவு மதிப்புக் கிடைத்து நான் கண்டதில்லை.

“சரி, அப்ப ஏறுவம்” என்று எழும்பினீர்.

“ஏலுமோ?”

“ஓம், ஏலும்.”

பத்துப் படிக்கு ஒருக்கா நின்றீர். நிற்கும் போதெல்லாம் படம் எடுக்கத்தான் நிற்கிறீர் என்று நினைத்து எடுத்துத் தள்ளினேன். மேலே போனால் அந்தப் பெரிய கோயிலைச் சுற்றித் திருத்த வேலைக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். “கோயிலே சாரம் கட்டிக்கொண்டு நிக்குது,” என்றீர். மூச்செடுத்து, பிறகு, “நீங்கள் இடுப்பில கட்டுற சாரத்தை விட்டிட்டு வீணாக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்திட்டீங்கள்” என்றீர். நடுவில் எடுத்த அந்த மூச்சு இப்போதுதான் எனக்குக் கேட்கிறது.

அந்த வருஷம் இலை உதிரும் காலத்தில் குசினி அடுப்படியில் விழுந்தீர். மூன்று கிழமை ஆஸ்பத்திரி, அங்கிருந்து நீர் வீட்டுக்கு வரவில்லை. இதயம் நெடுநாளாகக் களைத்துப்போயிருந்தது என்றார் டொக்டர். ஏதென்ஸ் படிகளால் வந்ததோ என்று மகள் கேட்டாள். அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்பதை நான் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டேன். பிழையாகக் கேட்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அதோடு, லிப்ட் இல்லாத இடத்தில் ஏறாமல் என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இந்த மூன்று வருஷத்தையும் ஓட்டிவிட்டேன்.

சலூனில் இருந்து வந்ததும் போனில் தேடிப் பார்த்தேன். லிப்ட் இருக்கிறது. நடக்க ஏலாதவர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். அந்த மனிதன் கை வீசிய பக்கம்தான்.

சோற்றுக் கோப்பையை மூடி வைத்தேன். பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது. ஏழு வருஷம் நீர் உடுப்புத் திருத்தும் கடையில் வேலை செய்தீரே, அந்தக் கடைக்கார அம்மாவும் சைப்பிரஸ் கிரேக்கப் பெண்தானே?

இன்று காலை பஸ் பிடித்து, அந்தக் கடை இருக்கும் மிச்சத்துக்குப் போனேன். எத்தனை வருஷமானாலும் ஒரு ஊருக்கு மிச்சம் என்று பெயர் வைத்தவனை எனக்கு மன்னிக்க ஏலாது. செத்தவீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்து அழுதவர் அந்த அம்மா, பார்த்ததும் அடையாளம் கண்டுவிட்டார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையைக் காட்டி, “அது அவளுடைய இடம், இரு” என்றார். நான் நின்றுகொண்டே கேட்டேன், உமக்குக் கிரேக்கம் தெரியுமோ என்று.

“தெரியுமாவா? என் தாயாருக்குக் காது மந்தம். அவரோடு தெரு முழுக்கக் கேட்கக் கிரேக்கத்தில் சண்டை பிடித்தது உன் மனைவிதான்.”

“‘நே’ என்ற சொல்?”

“அவள் முதல் படித்ததே அதுதான். உங்கள் நாட்டில் அதற்கு இல்லை என்று அர்த்தமாமே. அன்றைக்கு ஒரு காற்சட்டையும் தைக்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள்.”

திரும்பும்போது பஸ்ஸின் மேல் தட்டில் இருந்து உம்மோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். வாய்விட்டுத்தான். முன் சீட்டில் இருந்த ஆள் எழும்பிக் கீழே போய்விட்டான். ‘இஞ்சாருங்கோ, அது ஓம்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதோ? என் பகிடி கெட்டுவிடும் என்று பார்த்தீரோ? லிப்ட் என்றால் உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்பார்கள், நான் பயந்துபோவேன் என்று நினைத்தீரோ? நீர் இல்லாத இந்த மூன்று வருஷத்தில் உம்மில் கோபம் வந்தது இன்றைக்குத்தான். அதுவும் இரண்டு பஸ் தரிப்பிடத்துக்கு மேல் நிற்கவில்லை. ஏழு வருஷம் உம்மை ஏற்ற வந்து அந்தக் கடை வாசலில் கார் ஹோர்ன் அடித்திருக்கிறேன். ஒரு நாளாவது இறங்கி உள்ளே வந்திருந்தால், என் மனைவி கிரேக்கத்தில் சண்டை பிடிக்கும் அழகைப் பார்த்திருப்பேன். அந்த ஒரு சொல்லும் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து காலில் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, ஹரோவில் இருந்து மகள் போன் எடுத்தாள். “அப்பா, ஞாயிறு பிள்ளையளோட ஒரு பெரிய வோக் போறம். கொஞ்சம் ஏத்தம் இருக்கு. உங்களுக்கு ஓகேதானே?”

“ஓம் பிள்ளை, ஏலும். வாறன்.”

போனை வைத்துவிட்டுப் படியடியில் அப்படியே நின்றேன். என் வலது முழங்கால் தை மாதத்தில் இருந்து சரியில்லை. படி இறங்குவதே பக்கவாட்டில், நண்டு மாதிரி. அவளிடம் மறைக்க வேண்டும் என்றோ, அவள் மனம் நோகும் என்றோ நான் ஒன்றும் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீரும் இப்படித்தானோ, அல்லது யோசித்துத்தான் எழும்பினீரோ? அதை இனி யாரிடம் பஸ் பிடித்துப் போய்க் கேட்பது?

அவளுக்குத் திருப்பி எடுத்தேன். “பிள்ளை, எனக்கு ஏலாது. முழங்கால் நோகுது. கன நாளா.”

“ஓ. சரி அப்பா, அப்ப நாங்கள் அங்க வாறம். டொக்டரிட்டக் காட்டினீங்களோ?”

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஏலாது என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை ஐம்பத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டு நிற்கிறேன். தெரிந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.