அப்பாவின் வாயை அடைத்த பிரஷர் மெஷின்

கே.கே. நகர், மதுரை
9.12.2007

அன்பு மகள் தவமணிக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம், உன் அப்பா தெருவே கேட்கச் சத்தம் போடுமளவுக்குச் சுகம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நீ போனில் சொன்னதைப் பக்கத்து வீட்டு ஹம்சவேணியிடம் சொன்னேன். தலைமுடியைவிடச் சின்னதாக ஒரு சென்சார், ரத்தக் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்து பிரஷரைப் பார்த்து, ஏறினால் மட்டும் மருந்தை விடும், அதைத்தான் என் மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்றேன். "அம்புட்டுச் சின்னதுன்னா தும்முனா வெளிய வந்துராதாக்கா?" என்று கேட்கிறாள். அடுத்த போனில் இதற்கு நீயே பதில் சொல்.

அது வருகிறபோது வரட்டும், இங்கே உன் அப்பாவுக்கு டாக்டர் கட்டிவிட்டது டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி ஒரு பெட்டி. தனக்குப் பிரஷரே கிடையாது, டாக்டர் முகத்தைப் பார்த்தால்தான் ஏறுகிறது என்று உன் அப்பா மாத்திரை சாப்பிடாமல் அடம்பிடித்தாரே, அதற்காக, ஒரு நாள் முழுக்க இதைக் கட்டிக்கொண்டு இருங்கள், உண்மை தெரிந்துவிடும் என்று அனுப்பிவிட்டார். இடுப்பில் பெட்டி, கையில் பட்டை, நடுவே ஒரு ட்யூப். அரை மணிக்கு ஒருதரம் 'உர்ர்' என்று பட்டை உப்பிக் கையை இறுக்கும், அப்போது கையைத் தொங்கவிட்டு அசையாமல் பேசாமல் நிற்க வேண்டும். பிரஷர் இல்லை என்று நிரூபித்தே தீருவேன் என்ற வீம்பில் மனுஷர் அதை அப்படியே கடைப்பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் ஆரம்பித்த பேச்சை அன்றைக்குத்தான் முடித்தேன்.

அன்றைக்குப் பார்த்து உசிலம்பட்டியிலிருந்து உன் சித்தப்பா வந்து நிற்கிறார். குலசாமி கோயிலில் அண்ணன் இருக்கத் தம்பி முதல் மாலையை வாங்கிக்கொண்டார் என்று மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதது உனக்குத் தெரியும். அவர் மகள் முத்துத்தாய்க்குத் தையில் கல்யாணமாம், வெற்றிலை பாக்குத் தட்டில் பத்திரிகையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஒரு வார்த்தை தப்பாக விழுந்தால் இரண்டு குடும்பமும் ஜென்மத்துக்கும் சேராது. உன் அப்பா இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்ட வாயைத் திறந்தார், மெஷின் 'உர்ர்' என்றது. கையைத் தொங்கவிட்டார், வாயை மூடினார், கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு தூண் மாதிரி நின்றுவிட்டார். ட்யூபையும் பெட்டியையும் பார்த்த சித்தப்பா வாசற்படி தாண்டி ஓடி வந்தார். "அண்ணே, என்னண்ணே ஆச்சு, என்னைய வையக்கூட முடியாம ஆகிப்போச்சாண்ணே!" என்று தட்டை என்னிடம் திணித்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பட்டை தளர்ந்ததும் உன் அப்பா தம்பியின் தோளைத் தட்டினார். "ஒண்ணுமில்லடா, மெசினுடா. சாப்ட்டியா நீயி?" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனேன்.

தூக்கத்தில்கூடப் பிரஷர் இருப்பது சோதனையில் தெரிந்துவிட்டது. சித்தப்பா கையைப் பிடித்த நேரத்துக்கு மட்டும், கை அசைந்ததால் எண் விழவில்லையாம். "அது மட்டும் விழுந்திருந்தா நார்மல்னு வந்திருக்கும்" என்று உன் அப்பா டாக்டரிடமே வாதாடினார். ஆனாலும் மாத்திரை சாப்பிடுகிறார். சித்தப்பாவுக்கும் அதே மாத்திரைதான் என்று தெரிந்ததிலிருந்து, காலையில் போன் போட்டு, "நான் போட்டாச்சு, நீ இன்னும் போடலையாடா?" என்று அதட்டுகிறார். கல்யாணத்தில் மாலை, மரியாதை என்று எல்லாம் வரும் அல்லவா, அன்றைக்கும் அந்த மெஷினைக் கட்டிவிட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன், சிரிக்கிறார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

ஊரார் பிரஷருக்கு வழி தேடுகிற நீ உன் பிரஷரையும் ஒருதரம் பார்த்துக்கொள், உடம்பில் ஓடுவது உன் அப்பா ரத்தம். தையில் லீவு கேட்க மறக்காதே. குலசாமி உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
முருகம்மாள்