கூடு எடுத்ததும் சொல்லிக்கலாம்

இதை யாரிடமும் காட்டிவிடாதே. நீ இப்போது இருக்கும் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்குப் படிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் காட்டாதே. சத்தம் போட்டுப் படித்துவிடவும் வேண்டாம். எதைக் கையில் கொடுத்தாலும் ஊருக்கே கேட்கும்படி படிப்பதுதான் உன் பழக்கம், அதனால் சொல்கிறேன்.

கதவைத் தாழ் போட்டுவிட்டு எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் கொட்டகையில் புழுவுக்குத் தழை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டுப்புழு மல்பெரித் தழையைத் தின்னும் சத்தம் ஜன்னல் வழியாக வருகிறது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் கண்ணை மூடினால் ஊர் முழுக்கத் தூறல் போடுகிறது. "எங்க வூட்ல தெனமும் மழைதான்டி, துணி மட்டும் நனையாது" என்று நீ சொல்வாய். அந்தப் பேச்சு ஞாபகம் வந்ததும் அப்பாவின் போனை எடுத்தேன். வகுப்புப் பெற்றோர் குரூப்பில் விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனேன். போன வருஷத்துக்குப் போனதும் நீ கிடைத்தாய். சத்தத்தைக் குறைத்து, போனைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டேன்.

"அம்மா அப்பாவுக்கெல்லாம் வணக்கம்ங்க. ஒன்பதாவது படிக்கிற புள்ளைங்க வூட்டுக்குச் சேதி சொல்றேன்ங்க."

பின்னால் சத்துணவுக் கரண்டி பாத்திரத்தில் தட்டும் சத்தம். ஒரு காக்கை. அப்புறம் நான் சிரிப்பது. நீ என்னை முழங்கையால் இடித்தது குரலில் தெரியாது, ஆனால் எனக்குத் தெரிகிறது.

மிஸ் குரூப்பில் எழுதி அனுப்பும் தமிழ் நம் வீடுகளில் யாருக்கும் போய்ச் சேர்ந்ததே இல்லை. படிக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேர். படித்துக் காட்டினாலும், 'தவறாது கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்றால் யார் யாரைக் கேட்கிறார்கள் என்று அப்பா திருப்பிக் கேட்பார். அதனால்தான் மிஸ் மத்தியானம் உன்னைக் கூப்பிட்டுத் தன் போனைக் கொடுப்பார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில் நின்றுகொண்டு நீ அதைப் பேச்சாக மாற்றுவாய். "நாளைக்கு மீட்டிங்குங்க. தக்காளி பறிக்கிறவங்க பறிச்சுட்டு வாங்க, தழை வெட்டறவங்க வெட்டிட்டு வாங்க, ஆனா வாங்க. வரலைன்னா உங்க புள்ளைய நானே வெச்சுக்குவேன்." பிறகு உன் அம்மா வீட்டுக் கன்னடத்தில் அதையே இன்னொரு முறை சொல்வாய். மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சேதி சொல்லச் சொன்னா கச்சேரியே வெக்கிற" என்பார்.

சொல்லி முடித்த பிறகு ஒன்று சேர்ப்பாய், ஒவ்வொரு முறையும். "கேட்டவங்க கேட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

அதற்குப் பதில்கள் வரும். கேட்டுட்டம் கண்ணு. கேட்டாச்சு பாப்பா. ஒன்றில் ஆடு கத்தும், இன்னொன்றில் மோட்டார் ஓடும். ஒரு தாத்தா மட்டும் எந்தச் சேதிக்கும், "நான் சாப்ட்டேன் தாயி, நீ சாப்ட்டியா?" என்றே அனுப்புவார். இண்டூர் பஸ்ஸில் தக்காளிக் கூடையோடு நின்ற ஓர் அக்கா உன் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்த்ததே, அந்த நாளும் இன்று ஞாபகம் வந்தது.

"ஏ புள்ள, போன்ல பேசுறவ நீதானா? குரலக் கேட்டு யாரோ பெரிய பொம்பளைன்னு இருந்தேன். இத்தினியூண்டு இருக்கற!"

"எங்க வூட்ல குரலுக்குத் தனியாச் சோறு போடறாங்கக்கா."

பஸ்ஸே சிரித்தது. நான் வெட்கத்தில் உன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

குரூப்பில் வருவது எல்லோருக்கும் பொதுவான சேதி. உடம்பைப் பற்றிய சேதி அப்படி வராது. அது அவரவர் வீட்டுப் போனுக்குத் தனியாகத்தான் வரும். கண் பரிசோதனையில் யாருக்குக் கண்ணாடி, யாருக்குக் காதில் கோளாறு என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்று மிஸ் சொல்வார். அந்தச் சேதியை அந்தந்த வீட்டுப் பிள்ளைதான் படித்துச் சொல்லும். வேறு யார் படிப்பார்கள்?

ஊர் ஊராகப் போகும் டாக்டர் வண்டி பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளில் நீ திரைக்குப் பின்னாலிருந்து வர நேரமானது. "என்னடி சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நெஞ்சுக்குள்ள யாரோ நடக்கற மாதிரி சத்தம் கேக்குதாம். நீதான் உள்ள இருக்கற. இனிமே செருப்பக் கழட்டிட்டு நட."

மறுநாள், "வூட்ல சொன்னியா?" என்று கேட்டேன். "சொன்னேன் சொன்னேன்" என்று இரண்டு முறை சொன்னாய். எனக்கு ஒரு முறையே போதுமாயிருந்தது. நான் நம்பிவிட்டேன்.

அதற்கப்புறம் உங்கள் கொட்டகையில் ஒரு தடவை பட்டுக்கூடு எடுத்து விற்றார்கள். அடுத்த குஞ்சுப் புழு வந்தது. அதுவும் பெரிதாகிக்கொண்டிருந்த நாளில், காலையில் தழை வெட்டப் போனவள் மல்பெரி வரிசைகளுக்கு நடுவில் படுத்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து உன் அம்மா முதலில் திட்டினார்களாம். நான் வந்தபோது உன் தலைமுடியில் ஒரு தழை இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. உனக்கு அது நன்றாக இருந்தது.

இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. உன் அப்பா ஒருநாள் போனோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "இதுல பாப்பா பேசுனது இருக்குதுங்க மிஸ். அது அழிஞ்சு போவாம எப்படிங்க வெக்கறது?" என்று கேட்டார். உன் பழைய நோட்டுகளைக் கட்டிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மிஸ் போனை வாங்கி விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர், தனியாக வந்திருந்த ஒரு சேதியில் நின்றுவிட்டார்.

"இது வந்தப்ப நீங்க பாக்கலீங்களா?"

"பாத்தோமே மிஸ். பாப்பாதான் படிச்சுச் சொல்லுச்சு. எல்லாம் நல்லா இருக்குதாம்ப்பான்னு."

உன் அப்பா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க மிஸ், வேற என்னமோ இருக்குதுங்களா?"

மிஸ் படித்தார். உங்கள் மகளின் இதயத்தில் சத்தம் வேறுபடுகிறது, உடனே தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து காட்டவும் என்று. மெதுவாக, உன்னைப் போலவே பேச்சாக்கிச் சொன்னார். உன் அப்பா படியில் உட்கார்ந்தார். "அந்த வாரம் புழு நாலாவது தோலுரிச்சு எந்திரிச்சிருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

மிஸ்ஸுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நாலாவது தோலை உரித்து எழுந்த புழு, கூடு கட்டும் வரை ராத்திரி பகல் பார்க்காமல் தின்னும். அந்த நாட்களில் புழு வளர்க்கும் வீட்டிலிருந்து ஒருவரும் நகர முடியாது. சாவு வீட்டுக்குக்கூட ஒருவர் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். பல் வலி, கண்ணாடி, சொந்தக்காரர் கல்யாணம், எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கூடு எடுத்ததும் பாத்துக்கலாம்." நாம் பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை அது. நீயும் உன் நெஞ்சிடம் அதையேதான் சொல்லியிருக்கிறாய். கூடு எடுத்தார்கள், அடுத்த புழு வந்துவிட்டது. எங்கள் வீடுகளில் அடுத்த புழு வராமல் இருப்பதே இல்லை.

இப்போது மிஸ் எந்த வீட்டுக்கும் உடம்புச் சேதியை எழுதி அனுப்பியதோடு விடுவதில்லை. அவரே போன் செய்கிறார். அம்மாவோ அப்பாவோ தங்கள் வாயாலேயே கேட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். உன் வார்த்தையைத்தான் மிஸ் எடுத்துக்கொண்டார். பொதுச் சேதியைப் பேசும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். என் குரல் சின்னது. முதல் நாள், "பாப்பா, கெணத்துக்குள்ள இருந்தா பேசற?" என்று பதில் வந்தது. அந்தத் தாத்தா மட்டும் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் யாரிடமும் காட்டாதே என்றேன்.

கொஞ்ச நாளாகவே நான் நிற்கும் தரை நின்றபடி இருப்பதில்லை. பிரேயரில் கொடிக்கம்பம் மெல்ல நகர்ந்து வரிசைக்கு வெளியே போகிறது. பிள்ளைகளின் பாட்டு தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிறது. எல்லாம் வெளுத்து, பஞ்சாகி, மேலே மேலே போகும். அப்போது உன் குரல் கேட்கும். என்ன சொல்கிறாய் என்பது புரியாது, சேதி சொல்லும் ராகம் மட்டும் கேட்கும். சொன்னால் சிரிப்பாய், அந்த நேரம் எனக்குப் பயமாகவே இருக்காது. தெளிந்த பிறகுதான் பயம் வரும். போன வாரம் ஒருநாள் தெளிந்தபோது மிஸ் மடியில் தலை இருந்தது. இந்த முறை டாக்டர் வண்டி வந்தபோது விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வண்டியில் வந்த நர்ஸ் அக்கா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா நடமாடிட்டு இருக்கற?" என்றார்.

இன்று சாயங்காலம் சேதி வந்துவிட்டது. உங்கள் மகளுக்கு இரத்தம் மிகவும் குறைவாக உள்ளது, தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கவும். அப்பா தழைக் கட்டை இறக்கிவிட்டு, கையைத் துடைத்து, போனை நீட்டினார். "ஸ்கூல்ல இருந்து என்னமோ வந்திருக்குது பாப்பா. படி."

"சார்ஜ் இல்லப்பா. போட்டுட்டுச் சொல்றேன்."

"சரி, தழை போட்டுட்டு வந்து கேட்டுக்கறேன்."

பள்ளிக்கூடம் விடும்போதே மிஸ் மற்ற வீடுகளுக்கெல்லாம் போன் செய்துவிட்டார், எங்கள் வீட்டுக்கு மட்டும் செய்யவில்லை. "உனக்கு நான் சொல்லணுமா? நீயே வூட்ல சொல்லிடுவ" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

எங்கள் புழு நேற்றுத்தான் நாலாவது தோலை உரித்து எழுந்தது.

என் பயம் புழுவால் மட்டும் இல்லை. உன் காரியத்துக்கு வந்த அத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னாள்: "பொம்பளப் புள்ளைக்கு நோவு இருக்குதுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன்டி பொண்ணு கேட்டு வருவான்? வூட்டோட வெச்சுக்கிட்டா உடம்பும் தேறும், பேச்சும் வராது." அப்பா மறுத்து எதுவும் சொல்லவில்லை. பஸ், வெயில், அலைச்சல் என்று காரணம் சொல்லிப் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்றுதான் பயம். நீ இல்லாத பள்ளிக்கூடம்தான். ஆனால் அந்தப் புங்கமரம் அங்கேதானே இருக்கிறது.

சார்ஜ் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது என் நாக்கில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. நான் யோசிக்கவே இல்லை, அதுவாக வந்து உட்கார்ந்திருந்தது. எல்லாம் நல்லா இருக்குதாம்ப்பா. அது உன்னுடையது என்று தெரிந்ததும் பயந்துவிட்டேன். அதனால்தான் தாழ் போட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. இவ்வளவு நாள் சொல்லவில்லை. ஊரில் எத்தனை வீட்டுச் சேதியை எத்தனை வாயால் சொன்னாய். கேட்டுட்டேன்னு சொல்லுங்க, கேட்டுட்டேன்னு சொல்லுங்க என்று எல்லோரையும் விரட்டினாய். உன் சேதியை மட்டும் யார் கேட்டுவிட்டேன் என்று சொன்னது? உன் அப்பா இப்போதும் ராத்திரியில் உன் குரலைப் போட்டுக் கேட்கிறாராம். எங்கள் கொட்டகை வரை கேட்கும் என்று அம்மா சொல்கிறாள். முடிவில் நீ ஒரு வார்த்தை கேட்பாய் இல்லையா, அப்போது அவர் போனைப் பார்த்துப் பதில் சொல்கிறாராம், "கேட்டுட்டேன் பாப்பா" என்று.

அதை நினைத்துத்தான் இப்போது இதைச் செய்து பார்த்தேன். போர்வைக்குள் போய், வாயைக் கையால் மூடிக்கொண்டு, எனக்கு வந்த சேதியை உன்னைப் போலப் பேச்சாக்கினேன். என் குரலில் வரவில்லை. உன் ராகத்தில் தொடங்கினால் வருகிறது. "அம்மா அப்பாவுக்கு வணக்கம்ங்க. உங்க பாப்பாவுக்கு ஒடம்புல ரத்தம் பத்தலீங்க. ஆஸ்பத்திரியில சேக்கணும்ங்க. கூடு எடுக்கற வரைக்கும் தாங்காதுங்க." இந்த இடம் வரை இரண்டு முறை சொல்லிவிட்டேன். மூன்றாவது முறை அழாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் அனுப்பணும்ங்க என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அது மிஸ் எழுதியதில் இல்லை. நீ இருந்தால் சேர்த்திருப்பாய்.

தூறல் நின்றுவிட்டது. இல்லை, புதுத் தழை போட்டிருக்கிறார்கள், புழு அதன்மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. இதோ மறுபடி தொடங்குகிறது. இந்தச் சத்தத்துக்குள் நீ எங்கேயோ தலையில் தழையோடு நிற்கிறாய் என்று

கதவைத் தட்டுகிறார்கள்.

"பாப்பா, தூங்கிட்டியா? ஸ்கூல் சேதி என்னன்னு சொல்லலியே."

அப்பாதான். நீ என் பக்கத்திலேயே நில். நான் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டுட்டேன்னு சொல்கிறாரா என்று நீயும்