எந்தக் கைக்குக் கிட்டார்

மஸ்கட்

சோனாவின் அப்பாவுக்கு,

நீங்களும் அவளும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் முட்டுவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிரிக்க ஒரு சங்கதி. அவளுக்குக் கிட்டார் வாங்கப் போனேன். கடைக்காரர் பிஜு நம் குன்னத்துகால்காரர். நடுத்தர விலையில் ஒன்றை மீட்டிக் காட்டினார். கணீரென்று இருந்தது. பாஸ்பர் ப்ரான்ஸ் கம்பி போட்டால் சத்தம் கொஞ்சம் இதமாகும் என்றார். பிறகு, “பிள்ளைக்கு எந்தக் கையாக்கும் சேச்சி?” என்று கேட்டார்.

“எடக்கைதான். சின்னதிலேயே மாத்தியாச்சு” என்றேன், பெருமையாக.

“அது மாறாது. ஒளிச்சு வச்சிருக்கும்.”

அங்கிருந்தே சோனாவைக் கூப்பிட்டேன். கதவடைத்துக்கொண்டு படம் வரைவது இன்றும் இடக்கையால்தானாம்.

இடக்கையால் தின்றால் சபை விருந்தில் சிரிப்பார்கள் என்று, அந்தக் கையைத் துவர்த்துத் துண்டால் நாற்காலியோடு கட்டச் சொன்னது நான். போனில் சொன்னேன், நீங்கள் கட்டினீர்கள்.

இடக்கைக் கிட்டாரே வாங்குகிறேன் என்றேன்.

“வேண்டாம்மா, அப்பாவுக்குத் தெரிஞ்சு போவும். வலக்கைக்கே வாங்கு. தப்பா வாசிச்சா அடிக்கதுக்கு அங்கேருந்து உனக்குக் கை எட்டாதில்லா” என்று சிரித்தாள்.

இடக்கைக் கிட்டாரையே வாங்கிவிட்டேன். அந்தக் கம்பியையும் போட்டாயிற்று. என்னோடு வேலை பார்க்கும் தன்யா அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். சோனாவிடம் ஒன்றும் கேட்காதீர்கள். வாசிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு நிமிடம் படம்பிடித்து அனுப்புங்கள். முகம் வேண்டாம், கை தெரிந்தால் போதும்.

டியூட்டிக்கு வண்டி வந்துவிட்டது.

ஷீஜா