மர்மரும் மர்மமும்

இன்று காலை வார்டில் ஒரு பயிற்சி டாக்டர் பெண், ஒரு நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடி, நான்கு படுக்கை தள்ளி நின்ற தோழியைப் பார்த்து, "மர்மர் கேக்குது, ஓடி வாடி!" என்று கூவினாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டிவிட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தால் உன் ஞாபகம்.

நாம் கடைசி வருட மாணவிகள் அப்போது. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு ஊர் ஜனங்களுக்கு இருதயப் பரிசோதனை செய்தோம். பெண்கள் வரிசை உனக்கும் எனக்கும். நீ ஒருத்தியைப் பார்த்து முடிப்பதற்குள் நான் மூன்று பேரை அனுப்பிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

தனம் என் பெஞ்சுக்குத்தான் வந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததில் இருதய வால்வு கெட்டிருந்தது. கெட்ட வால்வில் ரத்தம் பாயும்போது கேட்கும் மர்மர் என்ற சத்தம், புத்தகத்தில் மட்டுமே படித்திருந்தது, முதல்முறையாக என் காதில்! "மர்மர்டி! தெளிவா கேக்குது, வா!" என்று கத்தினேன்.

"மெதுவாப் பேசேன்" என்றாய். அதற்குள் வரிசையில் நின்றவர்கள் காதில் அது மர்மம் என்று விழுந்துவிட்டது.

பென்சிலின் ஊசியோடு மறுபடி போனோம். மூன்று வாரத்துக்கு ஒன்று போட்டால்தான் அந்த வால்வு மேலும் கெடாது. தனத்தின் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பொண்ணு நெஞ்சுல ஏதோ மர்மம் இருக்குதுன்னு ஊரே பேசிக்கினு இருக்குதுமா. மாப்பிள்ளை வூட்டுல வேணாம்னுட்டாங்க. இதுல ஊசி வேறயா? எவ அந்த வார்த்தைய சொன்னவ?"

நான் குனிந்து ஊசிப் பெட்டியைத் துழாவினேன். நீ, "நான்தாம்மா" என்றாய்.

அவள் திட்டியதையெல்லாம் நின்று வாங்கிக்கொண்டாய். அவள் ஓய்ந்ததும் உள்ளே போய், ஸ்டெதாஸ்கோப்பை அவள் காதில் மாட்டி, முதலில் உன் நெஞ்சில் வைத்துக் காட்டினாய், பிறகு தனத்தின் நெஞ்சில்.

"உஸ்ஸுன்னு காத்து போவுதே" என்றாள் அவள்.

"அவ்வளவுதாம்மா. வேற ஒரு மர்மமும் இல்ல."

ஊசி போடவிட்டாள். கல்யாணம் மட்டும் நின்றது நின்றதுதான்.

திரும்பும் வழியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உன்னைக் காட்டிக்கொடுத்தா நீ இந்த ஊர்ப் பக்கமே வரமாட்ட. எனக்குத் துணைக்கு ஆள் வேணும்" என்று சிரித்தாய். ஆனாலும் நான் அதன்பின் இரண்டு முறைதான் வந்தேன். நீ வருடக்கணக்கில் பஸ் பிடித்துப் போய்க்கொண்டே இருந்தாய்.

தனம் இப்போது பிள்ளையார்பாளையத்தில் குடியிருக்கிறாள். ஊசிக்கு என்னிடம் வருகிறாள். நீ இறந்துபோன செய்தியை நான்தான் அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள்.

"அவங்க பேச்சாலதான் கல்யாணம் நின்னுச்சுன்னு எங்கம்மா சாவுற வரைக்கும் திட்டிக்கினே இருந்தாங்க. நான் அப்பவே மன்னிச்சிட்டேன் டாக்டரம்மா" என்றாள்.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாரை மன்னித்தாள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. "சரிம்மா, கையைக் காட்டு" என்றுதான் சொன்னேன்.